வெள்ளிக்கிழமை நாலு இருபதுக்கு நான் காலமானது

நான் செத்தது போன வருசம் ஜூலை மாசம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு இருபதுக்கு. நல்ல சாவு. நோய் இல்லை, நொடி இல்லை, மத்தியானம் சாப்பிட்ட சோறுகூடச் செமிக்கேல்லை. கதிரையிலை இருந்தபடி வலக்கைச் சுட்டுவிரலாலை ஒரு பொத்தானை அமத்தினன், போய்ச் சேந்திட்டன். அடுத்த ரெண்டு நிமிசத்துக்குள்ளை உலகம் முழுக்க நாலாயிரத்து முந்நூறு பேருக்கு என்ரை மரணச் செய்தி கிடைச்சிட்டுது. எங்கடை ஊரிலை பெரிய பெரிய ஆக்கள் செத்ததுக்கே அவ்வளவு கெதியாச் செய்தி போனதில்லை.

நான் ஆரெண்டு முதல் சொல்லவேணும். பேர் றூபன். வயசு நாப்பத்து மூண்டு. பருத்தித்துறையிலை பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்சு, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலை ஏழு வருசம் தொடர்ந்து வேதவசனத்துக்கு முதற்பரிசு வாங்கி, அதுக்குப் பிறகு சொல்லக்கூடிய மாதிரி ஒண்டும் செய்யாத ஆள். யாழ்ப்பாணம் ரவுணிலை, பஸ் ஸ்ராண்டுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையிலை, ஒரு பல் வைத்தியரின்ரை மேல்மாடியிலை எங்கடை கந்தோர். அஞ்சு பேர் வேலை செய்யிறம், நாலு கதிரை. அஞ்சாவது கதிரை வாங்கவேண்டாம், நிண்டுகொண்டு வேலை செய்தா மூளை நல்லா ஓடும் எண்டு சொன்னது நான்தான். அதனாலை கதிரை இல்லாத ஆளும் பெரும்பாலும் நான்தான்.

எங்கடை தொழில் சாவு. பயப்பிடாதேங்கோ, மரண அறிவித்தல் போடுற இணையத்தளம் ஒண்டு நடத்துறம். முதலாளி குகதாசன் அண்ணை முந்திப் பத்திரிகையிலை வேலை செய்தவர். லண்டனிலை, கனடாவிலை, சுவிசிலை இருக்கிற எங்கடை சனம் காலமை எழும்பி முகம் கழுவ முந்திப் பாக்கிறது அதைத்தான். ஆர் போனது, எந்த ஊர், ஆருக்கு என்ன உறவு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் எண்டு தொடங்கி, தாய் தேப்பன், புருசன் பெண்சாதி, பிள்ளையள், உடன்பிறந்தவை, மச்சான் மச்சாள் எண்டு வரிசை பிசகாமல் போகும். ஒரு பேர் விடுபட்டால் போதும், செத்தவரை விட்டிட்டு எங்களைப் பிடிச்சுக் கிழிப்பினம். முப்பது வருசமா முகம் பாக்காத மருமேன்கூட ரெலிபோன் எடுத்து, "என்ரை பேர் எங்கை?" எண்டு கேப்பான். எங்கடை சனத்துக்கு அந்தப் பட்டியலிலை இருக்கிறதுதான் சொந்தம்.

இதிலை என்ரை பங்கு அஜைல். பத்துப் பன்ரெண்டு வருசத்துக்கு முந்திக் கொழும்பிலை மூண்டு நாள் பயிற்சிக்குப் போய், ஒரு சான்றிதழும் மூண்டு பைக்கற் மஞ்சள் ஒட்டுத்தாளும் கொண்டு வந்தன். அஜைல் எண்டா என்னெண்டு தெரியாதவைக்குச் சுருக்கமாச் சொல்லுறன். முந்தி சொவ்ற்வெயர் எழுதுறவை ஒரு வருசம் கதவைச் சாத்திக்கொண்டிருந்து எழுதுவினம். எழுதி முடிச்சுத் திறந்து காட்டேக்கை வாடிக்கையாளர், "நான் கேட்டது உதில்லையே" எண்டுவார். அஜைல்காரர் வந்து, அப்பிடி வேண்டாம், ரெண்டு கிழமைக்கு ஒருக்காக் கொஞ்சமாச் செய், காட்டு, பேச்சு வாங்கு, திருத்து, திரும்பக் காட்டு எண்டு சொல்லிச்சினம். ஒவ்வொரு நாளும் காலமை பதினைஞ்சு நிமிசம் எல்லாரும் நிண்டபடி கூடிக் கதைக்கவேணும், வேலையளை ஒட்டுத்தாளிலை எழுதிச் சுவரிலை ஒட்டவேணும். உண்மையிலை நல்ல விசயம். ஆனா அதிலை எனக்கு வடிவாப் பிடிபட்டது "கெதியா" எண்ட ஒரு சொல்லு மட்டுந்தான்.

வீட்டிலையும் தொடங்கினன். என்ரை மனுசி அனுஜா பள்ளிக்கூட ரீச்சர். குளிர்ப்பெட்டிக் கதவிலை "மீன் வாங்குதல்: நடந்துகொண்டிருக்கிறது" எண்டு மஞ்சள் தாள் ஒட்டி விட்டன். பின்னேரம் வந்து பாத்தா அவ அதுக்குக் கீழை, "சமையல்: ஆளில்லை" எண்டு இன்னொரு தாள் ஒட்டியிருந்தா. அதோடை வீட்டு அஜைல் முடிஞ்சுது.

இனி அண்ணையின்ரை கதை. எனக்கு ஒரே ஒரு தமையன், பேர் றோகான். என்னை விட ஆறு வயசு மூப்பு. ரொறொன்ரோவிலை லொறி ஓடுறார். என்னைப் படிப்பிச்சது அவர்தான், நான் முதல் முதல் தொட்ட கொம்பியூட்டரும் அவர் அனுப்பினதுதான். அம்மா முந்தியே போயிட்டா. நான் சாகிறதுக்கு ஆறு வருசத்துக்கு முந்தி ஒரு புதன்கிழமை அப்பாவும் போனார். அண்ணை ரெலிபோனிலை, "எனக்குச் சனிக்கிழமைக்குத்தான் ரிக்கற் கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ளை வீட்டை நிப்பன். நான் அப்பாவின்ரை முகத்தைப் பாத்தாப் பிறகு எடுப்பம். பொறு றூபன்" எண்டார்.

எங்கடை ஆக்களுக்கை இது புதினமில்லை. வெளிநாட்டிலை பிள்ளை இருக்கிற வீட்டிலை அஞ்சு நாள், ஒரு கிழமை எண்டு வைச்சிருக்கிறவை. பெட்டி கொண்டு வாறவர் வாசலிலை கேக்கிற முதல் கேள்வியே, "ஆர் வரவேணும்?" எண்டதுதான். நான், "ஒருத்தரும் வரத் தேவையில்லை, சனிக்கிழமை எடுப்பம்" எண்டன். வெக்கை எண்டன். போதகருக்குத் திங்கக்கிழமை வசதியில்லை எண்டன். சனம் நித்திரையில்லாமல் கிடக்குது எண்டன். முற்றத்திலை நிண்டபடியே பதினைஞ்சு நிமிசத்திலை முடிவெடுத்தன்.

திங்கக்கிழமை அண்ணை வந்தவர். வீட்டுக்கு வராமல் நேர சேமக்காலைக்குப் போய், அப்பாவைத் தாட்ட மண்ணுக்குப் பக்கத்திலை ஒரு மணித்தியாலம் நிண்டவராம். கூட்டிக்கொண்டு போன ஓட்டோக்காரன்தான் பிறகு எனக்குச் சொன்னான். அதே ஓட்டோவிலை ரவுணுக்குத் திரும்பி, அடுத்த நாளே கொழும்புக்குப் போய்ப் பிளேன் ஏறிட்டார். அதோடை கதை நிண்டுபோச்சு. நான் மூண்டு தரம் ரெலிபோன் எடுத்துப் பாத்தன், அவர் எடுக்கேல்லை, நானும் விட்டிட்டன். அந்த ஆறு வருசமும் எனக்கு வேண்டிக் கிடந்தது ஒண்டே ஒண்டுதான், அண்ணை திரும்ப என்னோடை கதைக்கவேணும். அதுக்கு நான் செய்த முயற்சி அந்த மூண்டு ரெலிபோன்தான். ஏன் பொறுக்கேல்லை எண்ட உண்மைக் காரணத்தை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அனுஜாவுக்குக்கூட.

இப்பிடி இருக்கேக்கைதான் உதயகலா எங்கடை கந்தோருக்கு வந்தா. கரவெட்டியிலை வயல் செய்யிற கமக்காரக் குடும்பம், வயசு இருபத்தொன்பது, கொழும்பிலை நாலு வருசம், இணையத்தளங்களை ஓட்டுற பெரிய கொம்பியூட்டரான சேர்வரைப் பாக்கிற வேலை செய்திட்டு வந்தவ. வந்த மூண்டாம் நாள் என்னட்டைக் கேட்டா.

"அண்ணை, எழுதி முடிச்சதை ஆர் சேர்வரிலை ஏத்துறது?"

"நான்தான்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு."

"எப்பிடி?"

"கையாலை."

"பிழைச்சா?"

"பிழைக்காது."

அவ தண்ணிப் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடிச்சிட்டு என்னைப் பாத்தா. அந்தப் பார்வையை நான் மரியாதை எண்டு நினைச்சன்.

அடுத்த நாள் காலமைக் கூட்டத்திலை அவ எல்லாருக்கும் ஆறுதலா விளங்கப்படுத்தினா. "அஜைல் என்ன செய்தது? எழுதுறவைக்கும் கேக்கிறவைக்கும் நடுவிலை இருந்த மதிலை இடிச்சுது. நல்லது. ஆனா எழுதுறவைக்கும் அதைச் சேர்வரிலை ஓட்டிக் காவல் இருக்கிறவைக்கும் நடுவிலை இன்னொரு மதில் இருக்குது. டெவொப்ஸ் எண்டு சொல்லுறது அந்த மதிலை இடிக்கிற வேலையை. எழுதினது தானாவே ஒரு பரிசோதனைத் தளத்துக்குப் போகவேணும். அங்கை தானாச் சோதிபடவேணும். தேறினா மட்டும் சனம் பாக்கிற தளத்துக்குப் போகவேணும். அங்கை போய்ப் பிழைச்சா ரெண்டு நிமிசத்திலை பழையபடி திருப்பவேணும். எழுதினவரே அது எப்பிடி ஓடுதெண்டும் பாத்துக்கொண்டிருக்கவேணும்."

"எங்களிட்டை அஜைல் இருக்குத்தானே, உது காணும்" எண்டன் நான்.

"நீங்கள் பருத்தித்துறைக்காரர் அண்ணை. விடிய மீன் வந்திட்டுது, ஐஸ் இல்லை, லொறி வெள்ளிக்கிழமைதான் வரும். கெதியாப் பிடிச்சு என்ன பிரயோசனம்?"

எல்லாரும் சிரிச்சினம். எனக்கு ரோசம் வந்திட்டுது. "லொறி மட்டும் ஓடினாக் காணுமோ? சனம் என்ன மீன் கேக்குதெண்டு பாக்கவேண்டாமோ? ஒருத்தரும் தின்னாத மீனை ஒரு நாளைக்குப் பத்துத்தரம் ஏத்தி அனுப்பி என்ன செய்யிறது?"

"வேணும் அண்ணை. நான் ரெண்டும் வேணுமெண்டுதான் சொல்லுறன்."

ரெண்டும் வேணுமெண்டு சொல்லுற ஆளோடை சண்டை பிடிக்கேலாது. ஆனா நான் வெண்டதா எடுத்துக்கொண்டு, அவவின்ரை யோசனையை ஒரு ஒட்டுத்தாளிலை எழுதி, சுவரிலை "பிறகு பாப்பம்" எண்ட வரிசையிலை ஒட்டினன். அஞ்சு மாசம் அது அங்கை கிடந்தது. மேலை சுத்துற காத்தாடிக்கு ரெண்டு நாளைக்கொருக்காக் கழண்டு விழும். உதயகலா எடுத்து ஒட்டுவா. கடைசியிலை குண்டூசி கொண்டு வந்து குத்தி விட்டா.

பரிசோதனைத் தளம் இல்லாததாலை சோதிச்சுப் பாக்கிறதெல்லாம் என்ரை கொம்பியூட்டரிலைதான். சோதிக்கிறதுக்கு ஒரு பொய்ச் சாவு வேணும். இஞ்சைதான் எங்கடை சனத்துக்கு மட்டும் வரக்கூடிய கரைச்சல் வந்தது. பொய்ப் பேர் போடலாம்தானே எண்டு நீங்கள் கேப்பியள். நானும் முதல் போட்டன். சும்மா வாயிலை வந்த நமசிவாயம் எண்ட பேரைப் போட்டு, தென்மராட்சியிலை ஒரு ஊரையும் போட்டன். அடுத்த கிழமை அந்த ஊரிலையே உண்மையான நமசிவாயம் ஒருத்தர் போயிட்டார். கந்தோரிலை என்னை ஒருத்தரும் ஒரு நாள் முழுக்க நிமிந்து பாக்கேல்லை. அதுக்குப் பிறகு ஆரும் தங்கடை பேரையோ தங்கடை ஆக்களின்ரை பேரையோ தரமாட்டினம். குகதாசன் அண்ணை கையெடுத்துக் கும்பிட்டு, "என்னை விட்டிடும்" எண்டார். நான் பெரிய பகுத்தறிவுக்காரன் மாதிரி, "என்ரை பேரைப் போடுறன், எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை" எண்டன்.

முழு விபரமும் போட்டன். பருத்தித்துறையைப் பிறப்பிடமாகவும் யாழ்ப்பாணத்தை வதிவிடமாகவும் கொண்ட எட்வேர்ட் றூபன் காலமானார். அப்பா அம்மாவின்ரை பேர், அனுஜாவின் கணவர். எங்களுக்குப் பிள்ளையள் இல்லாததாலை அந்த இடம் வெறுமை. உடன்பிறந்தவை எண்ட இடத்துக்கு வந்து, அண்ணையின்ரை பேரின்ரை முதல் எழுத்து றானாவிலை விரலை வைச்சிட்டு எடுத்திட்டன். கோவமெண்டும் சொல்லலாம், வெக்கமெண்டும் சொல்லலாம். அந்த இடத்தையும் வெறுமையா விட்டிட்டு, தொடர்புக்கு எண்ட இடத்திலை கந்தோர் நம்பரைப் போட்டு முடிச்சன்.

அந்த வெள்ளிக்கிழமை ஏத்தவேண்டி இருந்தது ஒரு புது வசதி. வெளிநாட்டிலை இருக்கிறவை தங்கடை ஊரைப் பதிஞ்சு வைச்சா, அந்த ஊர் ஆள் ஒருத்தர் செத்தவுடனை அவையின்ரை ரெலிபோனுக்குத் தகவல் போகும். மூண்டு சுற்று வேலை, அதாவது ஆறு கிழமை. பதியிறதை மட்டும் ஒரு மாசம் முந்தியே திறந்து விட்டிருந்தம், பருத்தித்துறைக்கு மட்டும் நாலாயிரத்து முந்நூறு பேர் பதிஞ்சிருந்தவை. நாலு மணிக்கு உதயகலா, "அண்ணை, திங்கக்கிழமை ஏத்துவமே? நான் ஒருக்கா வடிவாப் பாத்திடுறன்" எண்டா. "வெள்ளிக்கிழமை எண்டா வெள்ளிக்கிழமை" எண்டிட்டு, என்ரை கொம்பியூட்டரிலை இருந்த எல்லாத்தையும் அள்ளிச் சேர்வரிலை போட்டன். எல்லாத்தையும் எண்டா, நான் செத்ததையும் சேர்த்து. புது வசதி ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்துது. எங்கடை கொம்பனி சரித்திரத்திலை அப்பிடி நடந்தது அதுதான் முதல் தரம்.

முதலிலை குகதாசன் அண்ணை அறைக்குள்ளையிருந்து ரெலிபோனைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தார். பருத்தித்துறையிலை பெண் எடுத்தவர், அந்த ஊரைப் பதிஞ்சு வைச்சிருந்தவர். என்னைக் கண்டோண்ணை நிண்டார்.

"றூபன், நீர் இருக்கிறீர்தானே?"

"இருக்கிறன் அண்ணை."

"அப்ப எடும் உதை."

எடுக்கத் தெரிஞ்சாத்தானே. பொத்தானை மாறி மாறி அமத்தினன். நான் செத்தபடியே கிடந்தன். உதயகலா வந்து பக்கத்திலை நிண்டு, "பழைய பதிப்பு எங்கை அண்ணை?" எண்டு கேட்டா.

"அதுக்கு மேலைதான் ஏத்தினனான்."

வேறை ஆளெண்டா என்னைத் திட்டியிருக்கும். அவ கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "நீங்கள் ரெலிபோனுக்குப் பக்கத்திலை போய் இருங்கோ. கொம்பியூட்டரிலை கை வையாதேங்கோ" எண்டா. போய் இருந்தன்.

ரெலிபோன் ஓயேல்லை. சுவிசிலையிருந்து ஒருத்தர், "றூபன் நல்ல மனுசன்" எண்டு அழுதார். எனக்கு ஆசையா இருந்துது. "எப்பிடி நல்லவர்?" எண்டு கேட்டன். கொஞ்ச நேரம் யோசிச்சுப் போட்டு, "தெரியேல்லை, ஒரு வழக்கத்துக்குச் சொன்னன்" எண்டார். லண்டனிலையிருந்து என்ரை பழைய கணக்கு வாத்தியார். "அவசரக் குடுக்கை. கேள்வியை முழுக்க வாசியாமல் விடை எழுதுறவன். இப்பவும் அவசரப்பட்டுப் போயிட்டான்" எண்டார். நான் ஒவ்வொருத்தருக்கும், "மன்னிக்கவேணும், தொழில்நுட்பப் பிழை" எண்டு சொன்னன். தொழில்நுட்பத்திலை ஒரு பிழையும் இல்லை எண்டு எனக்குத் தெரியும்.

என்ரை சொந்த ரெலிபோனுக்கு அனுஜா எடுத்தா.

"எங்கை நிக்கிறியள்?"

"கந்தோரிலை."

"செத்துப்போனியளாம். பள்ளிக்கூடத்திலை பின்னேர வகுப்புக்கு நிண்ட ரீச்சர்மார் என்னைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். ஒருத்தி சோடா உடைச்சுத் தாறாள்."

"பரிசோதனைக்குப் போட்டது, தவறிப் போயிட்டுது. பயப்பிடாதையும்."

"நான் பயப்பிடேல்லை. நீங்கள் சாகிறதெண்டாலும் எனக்குச் சொல்லாமல் சாகமாட்டியள், ஒரு கூட்டம் வைப்பியள். ஒண்டு கேக்கிறன். எல்லாரும் அன்புக் கணவர் எண்டுதானே போடுறவை. உதிலை ஏன் வெறுங் கணவர்?"

"சும்மா சோதிக்கப் போட்டதுதானே அனுஜா."

"சும்மா போடேக்கைதான் மனசிலை கிடக்கிறது வரும்" எண்டிட்டு வைச்சிட்டா. அது பகிடியோ கோவமோ எண்டு எனக்கு இப்பவும் தெரியாது.

அஞ்சு பத்துக்கு இன்னொரு அழைப்பு. நீட்டு நம்பர், கனடா. எடுத்தன்.

"வணக்கம். ரொறொன்ரோவிலையிருந்து கதைக்கிறன். உங்கடை தளத்திலை இண்டைக்கு ஒரு அறிவித்தல் வந்திருக்கு. அதிலை ஒரு திருத்தம் போடவேணும்."

ஆறு வருசத்துக்குப் பிறகு கேக்கிறன். குரல் கொஞ்சம் தடிச்சிருந்துது, மூக்கடைச்ச மாதிரி இருந்துது. வேறை ஒரு மாற்றமும் இல்லை. என்ரை வாய் என்னைக் கேக்காமல், நாங்கள் எல்லாருக்கும் சொல்லுற வசனத்தையே சொல்லிச்சுது.

"சொல்லுங்கோ."

"செத்துப்போன பிள்ளைக்கு ஒரு தமையன் இருக்கிறார். அவற்றை பேர் விடுபட்டுப் போச்சு. வீட்டுக்காரர் சாவீட்டு அந்தரத்திலை மறந்து விட்டிருப்பினம். நான் அவையிலை குறை சொல்லேல்லை."

"பேர்?"

"றோகான். றானா போடுங்கோ." பிறகு, "எடுக்கிறது எப்பவெண்டு அதிலை போடேல்லை. உங்களுக்கு அந்த வீட்டாக்களைத் தெரியுமோ? தெரிஞ்சா ஒரு உதவி செய்யுங்கோ. நான் நாளைக்குப் பிளேன் ஏறுறன். இந்த முறையெண்டாலும் ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கோ."

தொழில்நுட்பப் பிழை எண்ட சொல்லு வாயிலை வரேல்லை.

"அண்ணை" எண்டன்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான் அண்ணை. றூபன்."

"எந்த றூபன்?"

"சாகாத றூபன்."

அந்த நேரத்திலையும் எனக்கு வாய் சும்மா கிடக்கேல்லை. அண்ணை வைச்சிட்டார். நான் ரெலிபோனைக் கையிலை பிடிச்சபடி இருந்தன். அங்கை உதயகலா, "எடுத்தாச்சு அண்ணை, நீங்கள் இப்ப தளத்திலை இல்லை" எண்டு சொன்னா. தலையை ஆட்டினன். ஆறு வருசம் எதிர்பாத்துக்கொண்டிருந்த குரல் வந்துது, ஒரு நிமிசத்திலை அதையும் துலைச்சுப் போட்டன் எண்டுதான் நினைச்சன். இனி அவர் என்னோடை கதைக்கமாட்டார் எண்டு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சுது.

பத்து நிமிசத்தாலை திரும்ப அடிச்சுது. அதே நம்பர்.

"அப்ப நீதானே உதை எழுதினனி?"

"ஓம் அண்ணை."

"வீட்டுக்காரர் மறந்து விட்டிட்டினம் எண்டு நினைச்சன். நீ உயிரோடை இருந்துகொண்டே என்ரை பேரை விட்டனியோ?"

ரொறொன்ரோவிலை பின்னாலை ஆரோ கேத்தில் வைக்கிற சத்தம் கேட்டுது. அண்ணை வைக்கேல்லை. இனி எப்ப இப்பிடிப் பிடிபடுவாரோ எண்ட பயத்திலை சொல்லத் தொடங்கினன்.

"அண்ணை, அப்பாவுக்கு நான் ஏன் பொறுக்கேல்லை எண்டு தெரியுமோ?"

"வெக்கை எண்டனி."

"வெக்கை இல்லை. போதகரும் இல்லை. போதகர் திங்கக்கிழமை வாறனெண்டுதான் சொன்னவர். திங்கக்கிழமை காலமை எங்களுக்கு ஒரு காட்டல் இருந்தது. ரெண்டு கிழமை செய்த வேலையை, தளத்திலை அறிவித்தல் போடுற வாடிக்கையாளருக்குக் காட்டுற நாள். அதுவரைக்கும் நான் ஒரு காட்டலும் தவறவிட்டதில்லை. அதுக்காகத்தான்."

"என்னத்தைக் காட்டினனி?"

"ஒரு பொத்தான்."

"என்ன பொத்தான்?"

"இடப்பக்கம் இருந்த பொத்தானை வலப்பக்கம் மாத்தி வைச்சது."

"அவை என்ன சொன்னவை?"

"பழையபடி இடப்பக்கமே வையுங்கோ எண்டு சொல்லிச்சினம்."

அந்தப் பக்கத்திலை ஒரு சத்தம் வந்துது. சிரிப்போ அழுகையோ எண்டு எனக்கு மட்டுக்கட்டேலாமல் போச்சு. கேக்கிற துணிவும் இல்லை. நான் அழுதுகொண்டுதான் இருந்தன், அதைச் சொல்ல வெக்கமில்லை. குகதாசன் அண்ணை அறைக் கதவைத் திறந்து பாத்திட்டு மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

"நீ ஒரு விசரன்" எண்டார் அண்ணை.

"ஓம் அண்ணை."

"நாளைக்கு வரேல்லை. நீ சாகேல்லைத்தானே, என்னத்துக்கு? டிசம்பரிலை லீவு இருக்கு, பாப்பம். அதுவரைக்கும் பொறு."

"பொறுக்கிறன்."

"உனக்கு ஏலாது" எண்டிட்டு வைச்சார்.

திங்கக்கிழமை காலமைக் கூட்டத்திலை குண்டூசியைக் கழட்டி, அந்த மஞ்சள் தாளைப் "பிறகு பாப்பம்" வரிசையிலையிருந்து எடுத்து முதல் வரிசையிலை குத்தினன். உதயகலா தண்ணிப் போத்தலைத் திறந்து ஒரு வாய் குடிச்சா. இந்த முறை அந்தப் பார்வை எனக்கு விளங்கிச்சுது. அஞ்சு கிழமை பிடிச்சுது. இப்ப நாங்கள் எழுதுறது எல்லாம் முதல் பரிசோதனைத் தளத்துக்குப் போகும். அங்கை நான் ஒவ்வொரு தரமும் செத்து, சோதிபட்டு, தேறினாத்தான் மிச்சம் அசையும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் சாகிறன். முந்தி வெள்ளிக்கிழமையிலை எனக்கு வாற நெஞ்சிடி இப்ப வாறதில்லை. பிழைச்சா ரெண்டு நிமிசத்திலை பழையபடி வந்திடுவம்.

அதுக்காகக் காலமைக் கூட்டத்தை விடேல்லை. உதயகலாவே விடவேண்டாமெண்டா. "என்னத்தைச் சோதிக்கவேணும் எண்டு, எழுதினது சேர்வருக்குப் போற அந்தப் பாதைக்குத் தானாத் தெரியாது அண்ணை. அண்டைக்கு ரெலிபோனிலை பேச்சு வாங்கினது நீங்கள். அதை எங்களுக்குச் சொல்லுங்கோ, நான் சோதனையிலை சேர்க்கிறன்" எண்டா. நானும் வரிசையாச் சொன்னன். அடுத்த நாள் பாத்தா, கணவர் எண்டதுக்கு முன்னாலை அன்பு இல்லாட்டி மஞ்சள் எச்சரிக்கை வருது. உடன்பிறந்தவை எண்ட இடம் வெறுமையாக் கிடந்தா, அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டு நாங்கள் உறுதி சொல்லுற வரைக்கும் சிவப்பு விழுந்து, முழு வேலையும் அதிலையே நிண்டுபோகும். நான் அப்பிடிச் செய்யச் சொல்லேல்லை, அவ தானாத்தான் எழுதினவ.

அண்ணை டிசம்பர் பதினேழாம் திகதி வந்தார். பலாலி விமான நிலையத்துக்கு நான் மூண்டு மணித்தியாலம் முந்திப் போய் நிண்டன். வீட்டுக்கு வந்து அனுஜாவின்ரை கையாலை தேத்தண்ணி குடிச்சார். பின்னேரம் ரெண்டு பேரும் சேமக்காலைக்குப் போனம். அவர் நிண்ட மட்டும் நானும் நிண்டன், நேரம் பாக்கேல்லை. வாற வழியிலை, "எங்கை அந்தப் பொத்தான் கந்தோர், காட்டு பாப்பம்" எண்டார். மோட்டச்சைக்கிளிலை ஏத்திக்கொண்டு ரவுணுக்கு வந்தன்.

உதயகலா எழும்பித் தன்ரை கதிரையை அவருக்குக் குடுத்தா. பரிசோதனைத் தளத்தைத் திறந்து என்ரை சாவைக் காட்டினன். அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலையிருந்து ஆறுதலா வாசிச்சார். பிறப்பிடம், வதிவிடம், அப்பா, அம்மா, அனுஜாவின் அன்புக் கணவர். றோகானின் அன்புத் தம்பி எண்ட இடத்திலை ஒருக்கா நிண்டிட்டு, கீழை போனார். கடைசி வரி, நல்லடக்கம் எப்ப எண்ட இடம். முந்தி நான் வெறுமையா விட்ட இடம். அதிலை இப்பிடி இருந்துது: "தமையனார் கனடாவிலிருந்து வந்து சேர்ந்த பின்னர்."

"உது ஆர் போட்டது?"

"நான்தான்."

"திகதி இல்லை."

"திகதி போடட்டோ அண்ணை?"

கண்ணாடியைக் கழட்டிச் சட்டை நுனியாலை துடைச்சார். "வேண்டாம், அப்பிடியே கிடக்கட்டும்" எண்டார்.